கிரேடு ஒன்றுதானே என்கிறீர்களா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்து வருகிறவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கும் வசனம் இது: "ஃபேட்டி லிவராம், கிரேடு ஒன்றுதான். எல்லாருக்கும் இருக்கிறதுதானே!" அத்தோடு ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். எல்லாருக்கும் இருக்கிறது என்பதில் பெரிய பொய் இல்லை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் கிரேடு என்பது நோயின் தீவிரத்தைச் சொல்கிறது என்று நம்புகிறோமே, அதுதான் தப்பு.

கிரேடு எப்படிப் போடுகிறார்கள்? அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான். ஜெல் தடவி, வலது விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். திரையில் கல்லீரலும் வலது சிறுநீரகமும் அடுத்தடுத்துத் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் இயல்பு. கொழுப்பு ஏறிய கல்லீரல் வெளுத்துத் தெரியும். வெறும் வெளுப்பு மட்டும் என்றால் கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்ச் சுவர்கள் மங்கினால் 2. பின்னாலிருக்கும் உதரவிதானமே சரியாகத் தெரியாவிட்டால் 3. எல்லாம் கண்மதிப்புதான், பார்ப்பவரோ மெஷினோ மாறினால் கிரேடும் ஒரு படி ஏறலாம், இறங்கலாம்.

கல்லீரல் கடைசியில் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கொழுப்பின் அளவல்ல, கல்லீரலுக்குள் விழும் தழும்பு. அதற்கு 0 முதல் 4 வரை தனிக் கணக்கு உண்டு, நான்காவதுதான் சிர்ரோசிஸ். சாதாரண ஸ்கேனில் இந்தத் தழும்பு ஆரம்பத்தில் பிடிபடாது. கல்லீரல் மேடுபள்ளமாகி, மண்ணீரல் வீங்கிய பிறகுதான் தெரியவரும். கிரேடு 3 வந்தவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். கிரேடு 1 என்று நிம்மதியாக இருப்பவர் தழும்பில் மூன்றாம் நிலையில் இருக்கலாம்.

"எனக்கு ஸ்கேன் நார்மல்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லீரல் செல்களில் 5 சதவீதத்தில் கொழுப்பு சேர்ந்தாலே அது ஃபேட்டி லிவர். ஸ்கேன் நம்பகமாகக் காட்டுவதோ 20 சதவீதத்தைத் தாண்டிய பிறகு. தொப்பை பெரிதென்றால் படமே தெளிவாக விழாது. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் நார்மல் என்பதும் உத்தரவாதம் இல்லை. தழும்பு முற்றியவர்களிலும் அது நார்மலாக இருப்பதுண்டு.

கிரேடு 3 ஒன்றுக்கு இறங்கிவிட்டது என்று மகிழ்கிறவர்கள், எடையும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 7 முதல் 10 சதவீதம் எடை குறைந்திருந்தால் நல்ல சேதி, பாராட்டுகள். எதுவுமே மாறாமல் கிரேடு மட்டும் குறைந்திருந்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். சிர்ரோசிஸ் முற்றும்போது கொழுப்பு தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு.

அதற்காக ஸ்கேன் வீண் என்று நான் சொல்லவில்லை. செலவு குறைவு, கதிர்வீச்சு கிடையாது, போகிற போக்கில் பித்தப்பைக் கல்லையும் காட்டிவிடும். கிரேடு 1 என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிர்ரோசிஸ் வரப்போவதும் இல்லை. ஆனால் வரப்போகிற சிலர் யார் என்பதைத்தான் ஸ்கேன் சொல்லாது.

அவர்களைத் தேட ஒரு வழி உங்கள் ரத்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. பெயர் ஃபிப்-4. வயதை, எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு கல்லீரல் என்சைமின் அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையில் மூன்று சைபரை வெட்டிவிட்டு, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். ஒருவருக்கு வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தாது. ஆனால் 2,496ஐ 900ஆல் வகுத்தால் 2.77. 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரம்பு 2. 2.67க்கு மேலே என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் நின்றால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது.

சர்க்கரை நோயோ தொப்பையோ இருந்து, ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர் என்ற வரியும் இருந்தால், கிரேடு எதுவாக இருந்தாலும் அடுத்த முறை டாக்டரிடம் "என் ஃபிப்-4 எவ்வளவு?" என்று கேளுங்கள்.