கட்டளையிடக் கற்போம்

நம் ஊரார் தறியை அறிந்தவர்கள். திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பக்கத்திலுள்ள காஞ்சியோ பட்டுக்குப் பெயர் பெற்றது. ஆகவே கணினியைப் பற்றிச் சொல்ல வந்த நாங்கள் தறியிலிருந்தே தொடங்குகிறோம்.

தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டி இருக்கிறது. நெசவாளர் மிதிக்க மிதிக்க, துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து உரிய இழைகளை உயர்த்துகின்றன. கரையில் மயிலும் அன்னமும் எழுகின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் தந்த வசதி இது. அதே துளையட்டை முறையில்தான் 1890-இல் ஹோலரித் என்பவர் அமெரிக்க மக்கள்தொகையைக் கணக்கிட இயந்திரம் செய்தார். ஆனால் தறியில் ஒரு பாவு இழை அறுந்தால் அட்டை அதை முடிச்சிடுமா? எந்த இழை எந்த விழுதில் நுழையவேண்டும் என்று அறிந்த கைதான் முடிச்சிட வேண்டும்.

கணினி வகுப்பில் நாங்கள் தரவுத்தளம் பயில்கிறோம். தரவுத்தளம் என்பது ஒழுங்காக அமைத்த பதிவேடே. எல்லாவற்றையும் அட்டவணைகளாக அமைக்கும் முறையை 1970-இல் எட்கர் காட் வகுத்தார். இன்று பெரிதும் பயன்படும் மை எஸ்க்யூஎல் 1995-இல் வந்தது. ‘மை’ என்பது அதை உருவாக்கியவருள் ஒருவரான பின்லாந்து நாட்டு விடேனியஸின் மூத்த மகள் பெயராம். அதிலிருந்து 2009-இல் பிரிந்த மரியா டிபி, இளைய மகள் மரியாவின் பெயரைத் தாங்கியது. அன்னையின் பெயர் நமக்கு இனியதல்லவா!

இப்பதிவேட்டை ஆள இரு வழிகள் உண்டு. ஒன்று, பிஎச்பி-மை-அட்மின் போன்ற இணையப் பக்கம். அங்கே பொத்தானைச் சொடுக்கினால் போதும். மற்றொன்று கறுப்புத் திரை. அங்கே கட்டளையை நாமே தட்டச்சு செய்யவேண்டும். தோழியர் பலர் முன்னதையே விரும்புகின்றனர். முதலில் கறுப்புத் திரையைக் கற்கவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எங்கள் அறியாமையையும் மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் பயிற்சிக்காக நாற்பது கற்பனை மாணவியரின் பட்டியல் அமைத்தோம். ஒருத்தியின் ஊரைத் திருப்பருத்திக்குன்றம் என்று மாற்றவேண்டும். ‘அப்டேட்’ கட்டளையை எழுதிய நாங்கள், யாருக்கு என்று குறிக்கும் ‘வேர்’ பகுதியை மறந்தோம். ஒரே நொடியில் நாற்பது பேரும் திருப்பருத்திக்குன்றத்துவாசிகள் ஆயினர்! எங்கள் சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “வேர் இல்லாத மரம் நிற்காது, வேர் இல்லாத கட்டளை ஊரையே சாய்த்துவிடும்” என்றார்.

அப்படியானால் கறுப்புத் திரை ஆபத்தல்லவா என்று பெற்றோர் கேட்கலாம். ஆழம் அறியாமல் காலை விட்டால் ஆபத்துதான். ஆனால் காப்பும் அங்கேயே உண்டு. அதே ‘வேர்’ பகுதியோடு முதலில் ‘செலக்ட்’ கட்டளை தந்து, எந்தப் பதிவுகள் மாறும் என்று பார்த்துக்கொள்ளலாம். ‘ஸ்டார்ட் டிரான்சாக்ஷன்’ என்று தொடங்கினால், பிழை நேர்ந்தவுடன் ‘ரோல்பேக்’ என்று திரும்பலாம். ‘சேஃப் அப்டேட்ஸ்’ என்ற ஏற்பாட்டோடு நுழைந்தால், வேரற்ற கட்டளையைக் கணினியே மறுத்துவிடும். ‘நான் ஒரு மக்கு’ என்று பொருள்படும் மறுபெயரும் அந்த ஏற்பாட்டுக்கு உண்டு. அதைப் பயன்படுத்த நாங்கள் வெட்கப்படுவதில்லை.

வேறு நன்மைகளும் உள்ளன. எழுதிய கட்டளையை நோட்டில் குறிக்கலாம், ஆசிரியை திருத்தலாம், அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். சொடுக்கிய சொடுக்கை எந்த நோட்டில் எழுதுவது? மேலும், இணையப் பக்கத்தின் வழியே பெரிய கோப்பை ஏற்ற முயன்றால் அது மறுக்கக்கூடும். பிஎச்பி தானாக வைத்திருக்கும் வரம்பு 2 மெகாபைட்தான்; பொறுப்பாளர் உயர்த்தினாலொழிய அதற்குமேல் ஏறாது. கட்டளை வரிக்கு அந்தத் தடை இல்லை. பதிவேடு முழுவதையும் ஒரே வரியில் நகலெடுக்கலாம், மீட்கலாம்.

இணையப் பக்கத்தை நாங்கள் இகழவில்லை. அட்டவணையைக் கண்ணாரப் பார்க்க அது நன்று. நாம் சொடுக்கியதும் அது இயக்கிய கட்டளையையும் மேலே எழுதிக் காட்டுகிறது. அதை வாசிப்பவளுக்கு அதுவும் ஆசிரியையே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘பெண்பிள்ளைக்குப் படிவம் நிரப்பத் தெரிந்தால் போதாதா?’ என்று எண்ணவேண்டாம். படிவம் நிரப்புகிறவள் வேறு. பதிவேட்டைக் காக்கிறவள் வேறு. மருத்துவமனையிலும் வங்கியிலும் பதிவேடு பழுதானால், முன்னவள் பிறருக்காகக் காத்திருப்பாள். பின்னவளைத் தேடி ஆள் வரும்.

பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது. எண்ணெய் ஐவரிடமே இருந்தது. சொடுக்கும் பொத்தான் எல்லாருக்கும் கிடைக்கும் விளக்கு. தோழியரே, கட்டளையறிவு என்னும் எண்ணெயை இன்றே சேர்த்துக்கொள்வோம்!