ஏலகிரி போய் வந்தால் மண்டை வலிக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் பூந்தமல்லி பைபாஸ் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயல் என்று நாலா பக்கத்திலிருந்தும் பையன்கள் பைக்கில் வந்து கூடுவார்கள். புல்லட், பல்சர், அண்ணனிடம் கெஞ்சி வாங்கி வந்த ஸ்ப்ளெண்டர்... எல்லாம் இருக்கும். ஒரு டீ. உடனே பெங்களூர் ரோடு. போகிற இடம் பெரும்பாலும் ஏலகிரிதான். போக மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல், மலையேற 14 கொண்டை ஊசி வளைவு.

அதே கூட்டம் சாயங்காலம் திரும்பும்போது பார்க்க வேண்டும். காலையில் இருந்த சத்தமே இருக்காது. பாதிப் பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "மண்டை பொளக்குதுடா மச்சான், இந்த ஹெல்மெட்டாலதான்" என்று ஒருவன் சொல்வான். அடுத்து அவன் செய்வதுதான் வயிற்றைக் கலக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு மிச்ச தூரத்தை ஓட்டுவான். மிச்ச தூரம் எது? ஸ்ரீபெரும்புதூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில். கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் நெருக்கியடிக்கும் இடம், அதுவும் இருட்டுகிற நேரம்! நாள் முழுக்கத் தலையில் இருந்த ஹெல்மெட் அங்கேதான் கட்டாயம் இருக்க வேண்டும்.

தலைவலி என்பது ஹெல்மெட் போடாமல் இருக்கச் சொல்லும் காரணமாகவே இந்த ஊரில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2007-ல் தமிழக அரசு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோதும் இதே பேச்சுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துக் கட்டாயமானபோதும் இதே பேச்சு. தலை வலிக்குது, கழுத்து வலிக்குது, முடி கொட்டுது. வலிக்கிறது என்பது பொய் இல்லை. நிஜமாகவே வலிக்கிறது. ஆனால் 2015-ல் ஹெல்மெட் எப்படி வாங்கப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைகளில் தட்டுப்பாடு, ரோட்டோரத்தில் குவியல். போலீஸ் பிடிக்கக் கூடாது என்பதற்காகக் கையில் கிடைத்ததை வாங்கினார்கள். தலையின் அளவு என்ன என்று யாரும் கேட்கவில்லை. செருப்பு வாங்கும்போது கூட நாலு ஜோடி போட்டு நடந்து பார்க்கிற ஊர் இது.

சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தால் உண்டாகும் தலைவலி என்று ஒரு தனி வகையே இருக்கிறது. ஹெல்மெட்டும் நீச்சல் கண்ணாடியும்தான் இதற்கு வழக்கமான உதாரணம். அழுத்தம் ஆரம்பித்த ஒரு மணி நேரத்துக்குள் வலி தொடங்கும், அழுத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். இதை வைத்தே ஒரு சோதனை செய்துவிடலாம். ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆன பிறகும் வலி அப்படியே இருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி பெரும்பாலும் வேறு யாரோ.

முதலில் அளவு. புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையின் புடைத்த இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். தையல்காரர் டேப் போதும். ஹெல்மெட் ஸ்டிக்கரில் 580, 600 என்று இருப்பது மில்லிமீட்டர் கணக்கு. அளவு சரியாக இருந்தும் வலிக்கலாம், ஏனென்றால் எல்லார் தலையும் ஒரே வடிவம் இல்லை. சிலருக்கு முன்னும் பின்னும் நீண்ட தலை, சிலருக்கு உருண்டை. நீண்ட தலைக்காரர் உருண்டை ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியில் மட்டும் ஒரே இடத்தில் குத்தும். உருண்டைத் தலைக்காரருக்கு நேர்மாறாக இரண்டு பொட்டிலும் இறுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கடையிலேயே பதினைந்து நிமிடம் மாட்டிக்கொண்டு இருப்பது. கழற்றிய பின் கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கன்னத்தை அழுத்தலாம், பேசும்போது உள்கன்னம் பல்லில் படலாம், அது தப்பில்லை. நாள்பட ஸ்பாஞ்ச் கொஞ்சம் தளரும். நெற்றியையும் பொட்டையும் அழுத்தினால் அந்த மாடலை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

சிலர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோலைக் கத்தியால் சுரண்டிவிடுவது! அடிபடும்போது நசுங்கி, மண்டைக்கு வரும் அடியை வாங்கிக்கொள்வதே அந்த தெர்மோகோல்தான். அதைச் சுரண்டிய பிறகு மிஞ்சுவது பிளாஸ்டிக் சட்டி. இன்னொரு வைத்தியம் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. அது காற்றில் ஆடும், ஆடாமல் பிடித்து வைக்கக் கழுத்துத் தசை மணிக்கணக்கில் வேலை செய்யும், கடைசியில் பின்மண்டையிலிருந்து வலி ஏறும்.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மற்ற சாமான்களைப் பற்றியும் பேச வேண்டும். மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு, வியர்வைக்குக் கட்டிய கைக்குட்டையின் முடிச்சு... எல்லாவற்றுக்கும் மேலாக, காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருகி வைத்த செல்போன். அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் பத்து நிமிடம் நின்றால் இதை நிச்சயம் பார்க்கலாம். பேசுவது ஆபத்து என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பொட்டில் ஒரு செங்கல்லைச் சொருகிக்கொண்டு ஓட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

இனி அந்த 'வேறு யாரோ'.

காற்றின் சத்தத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் சத்தத்தை விட ஹெல்மெட்டின் அடியில் புகும் காற்றின் இரைச்சல்தான் அதிகம், 90 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். தொழிற்சாலைகளுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபல், எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதாவது 94-ல் ஒரு மணி நேரம்தான்! ஏலகிரி போய் வருவது எத்தனை மணி நேரம்? மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் இயர் பிளக்கே போதும், இரைச்சல் நன்றாகக் குறையும். ஊருக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும். இயர்போனில் பாட்டு கேட்பது இதற்கு மாற்று ஆகாது, இரைச்சலுக்கு மேல் இன்னொரு இரைச்சல்.

தண்ணீர் அடுத்தது. வழியில் ஒன்றுக்குப் போக நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறவர்கள் ஏராளம். காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு போனது என்றே தெரியாது. இதில் காலை டிபனும் கிடையாது, வீட்டில் தினமும் குடிக்கும் டிகிரி காபியும் கிடையாது. இரண்டு தம்ளர் காபிக்குப் பழகிய மண்டை பத்து மணிக்குக் காபி எங்கே என்று கேட்கத்தான் செய்யும். அந்தத் தலைவலிக்கு ஹெல்மெட் என்ன செய்யும் பாவம்!

தோளில் மாட்டிய லேப்டாப் பையும் அப்படித்தான். அதைப் பின் சீட்டில் கட்டிவிட்டால் கழுத்துக்குப் பாதி விடுதலை.

வெயில் விஷயத்தில் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் கிழக்கே போகும்போது வெயில் முகத்தில், மாலையில் மேற்கே திரும்பும்போதும் வெயில் முகத்தில். ஏலகிரி போகிறவருக்கு நேர் எதிர், போகும்போதும் முதுகில், வரும்போதும் முதுகில். ஆகவே கீறல் விழுந்த வைசரை மாற்ற வேண்டிய அவசரம் டூர் போகிறவரை விட ஆபீஸ் போகிறவருக்குத்தான் அதிகம். கீறலில் வெளிச்சம் சிதறும், கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே நெற்றி வலிக்கும். இருநூறோ முந்நூறோ கொடுத்தால் தீர்கிற வலி.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் வீம்பு. "பூந்தமல்லியில எடுத்தா வேலூர்லதான்டா நிறுத்தணும்" என்று கிளம்புகிற வீம்பு. மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, தோளை உருட்டி, மோரோ இளநீரோ குடித்தால் ஏலகிரிக்கு அரை மணி நேரம் தாமதமாகும். மலை எங்கேயும் போய்விடாது. நிறுத்தாமல் போய்விட்டுப் பெருமை பேசுகிறவன்தான் திரும்பி வரும்போது மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு நிற்கிறான். அவசரத்தில் சளி மாத்திரை எதையாவது வாங்கிப் போட்டால் அதில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கலாம், அதற்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. வழியில் விழுந்து எழுந்த பிறகு வரும் தலைவலி, வாந்தியோடு வரும் தலைவலி, திடீரென்று இடி மாதிரி இறங்கும் தலைவலி இவற்றுக்கெல்லாம் மாத்திரையும் வேண்டாம், டீயும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி.

பின்னால் உட்காருகிறவரை மறந்தே போகிறோம். ஓட்டுகிறவனுக்கு நாலாயிரம் ரூபாய் ஹெல்மெட், பின்னால் உட்காரும் அம்மாவுக்கோ தங்கைக்கோ வீட்டுப் பரணில் கிடந்த பழையது. அது யார் தலைக்கு வாங்கியது என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இல்லை, பிரேக் போடுவது முன்கூட்டித் தெரியாது, ஒவ்வொரு முறையும் தலை முன்னால் போய் முட்டும். அடுத்த முறை ஹெல்மெட் வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் அவர் தலையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் எந்தக் கடைக்காரரும் பதினைந்து நிமிடம் மாட்டிக்கொண்டு நிற்க விடமாட்டார்.