கதை யார் கண்ணு வழியா?

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் (2023) மலைச்சனங்கள் மீதான போலீஸ் வெறியாட்டத்தைக் காட்டிய படம். காட்டியது நல்லது. ஆனா கதை யார் கண்ணு வழியா நகருது? குமரேசன் என்கிற போலீஸ்காரன் கண்ணு வழியா. முகாமில் பெண்களை நிர்வாணமாக்கி வதைக்கிறார்கள். நம்மைப் பதறவைப்பது அவனுடைய ஓட்டம். பெண்களுக்கு அலறல்தான் மிஞ்சுகிறது.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். அவர்களும் கொல்லிமலையில் எங்கள் குண்டூர் நாட்டுச் சனங்களும் ஒரே மலையாளிப் பழங்குடி. மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கறிஞர்களும் துணை நின்றார்கள். ஆனா, ஆளை அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னது அந்தப் பெண்கள். 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

19 வருஷம் அசராம நின்னது கதையில்லையா? காக்கிச்சட்டையின் மனசாட்சி உறுத்தினால்தான் கதையா?

என் வங்கிக் கவுண்டர் முன்னால் நின்று எங்கள் பெண்கள் சொல்கிற கதையெல்லாம் ‘நான்’ என்றுதான் தொடங்குகிறது. சினிமாவில் மட்டும் அவர்களுக்கு இன்னொருத்தன் வாய் எதுக்கு?