கந்தலுக்கும் ஒரு கணக்கு உண்டு!
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)

நீங்கள் எத்தனையோ பேரிடம் 'தேங்க்யூ சார்' சொல்லியிருப்பீர்கள். உங்களை மட்டம் தட்டியவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? நான் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் பயிற்சிக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனியிலிருந்து வந்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் என்ன என்று கேட்டார்கள். 0.01 மில்லிமீட்டர் என்றேன். லேத்தில் டேப்பர் டர்னிங் எப்படியெல்லாம் செய்யலாம் என்றார்கள். அதையும் சொன்னேன். எழுந்து வணக்கம் வைக்கும்போது நடுவிலிருந்தவர் என் சட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "குட் பாய், பட் வெரி ஷேபி" என்றார். 'குட் பாய்' எனக்குப் புரிந்தது. 'ஷேபி' அதற்குத் தம்பியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரிய "தேங்க்யூ சார்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்!

சாயங்காலம் லைப்ரரியில் பெரிய அகராதியைப் புரட்டினேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஏனென்றால் நான் எழுத வந்தது என் சோகக் கதை இல்லை. அந்த அகராதியை அதோடு மூடாமல் விட்டேனே, அதனால் கிடைத்தது.

ஷேபி என்ற வார்த்தை 'ஷேப்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததாம். அதற்குப் பொருள் சொறி, புண்ணின் மேல் கட்டும் பொருக்கு. பிறகு அது கேவலமான ஆளைக் குறித்தது. அதற்கப்புறம்தான் பழைய சட்டைக்கும் பழைய நாற்காலிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சரி, நாற்காலி ஆடினால் என்ன சொல்வார்கள்? 'ரிக்கெட்டி'. அது ரிக்கெட்ஸ் என்ற நோயிலிருந்து வந்தது. வைட்டமின் டி குறைந்து குழந்தைகளின் கால் எலும்பு வளைந்துபோகும் நோய். வெயில் நுழையாத சந்துகளிலும், ஆலைப் புகை மூடிய ஊர்களிலும் வளர்ந்த ஏழைக் குழந்தைகளுக்கு அது அதிகம் வந்தது. அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்து நாற்காலிக்குப் பேர் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்!

ஆனால் எல்லா வார்த்தையும் இப்படி இல்லை. 'த்ரெட்பேர்' என்று ஒன்று. கம்பளித் துணியின் மேலே இருக்கும் மென்மையான ரோமமெல்லாம் தேய்ந்துபோய் உள்ளே இருக்கும் வெறும் நூல் தெரிகிறது என்று அர்த்தம். துணிக்கு என்ன ஆச்சு என்பதைக் கண்ணால் பார்த்து எழுதியதுபோல் இல்லை? 'ஃப்ரேய்டு' என்பது ஓரம் உரசி உரசி நூல் பிரிந்தது. லத்தீனில் தேய்ப்பதற்குச் சொல்லும் ஒரு வினையிலிருந்து அது வந்தது. அதே வினையிலிருந்து வந்த இன்னொரு வார்த்தை நமக்கு முதல் வருஷத்திலிருந்தே பழக்கம்: ஃப்ரிக்‌ஷன்! பெல்ட்டின் ஓரம் பிரிவதும் என் காலர் பிரிவதும் ஒரே சமாச்சாரம்தான். மியூ இன்டு ஆர் என்று பரீட்சையில் எழுதிய நமக்கு இது தெரியாமல் போச்சே!

இன்னொரு வார்த்தையின் கதையையும் கேளுங்கள். மட்டமான வேலைக்கு 'ஷாடி வொர்க்' என்று நம் வொர்க்‌ஷாப்பில்கூடச் சொல்வதுண்டு. ஆனால் ஷாடி என்பது முதலில் திட்டு இல்லை, ஒரு துணியின் பேர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பாட்லி என்ற ஊர். அங்கே பெஞ்சமின் லா என்பவர் 1813-ல் பழைய கம்பளிக் கந்தலைப் பல் வைத்த உருளையில் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து, மறுபடி நூலாக்கித் துணி நெய்தார். கந்தல் கிழிக்கும் அந்த மெஷினுக்குத் தொழிலாளிகள் வைத்த பேர் 'டெவில்'! புதுக் கம்பளி வாங்க முடியாதவர்களுக்குக் குளிருக்கு ஒரு துணி கிடைத்தது. பிறகு 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ராணுவத்துக்குச் சீருடை சப்ளை செய்த சில காண்ட்ராக்டர்கள் மட்ட ரக ஷாடியில் தைத்துக் கொடுத்துக் காசு பார்த்தார்கள். சிப்பாய்களின் உடம்பிலேயே அது கிழிந்து தொங்கியது. ஏமாற்றியவன் காண்ட்ராக்டர், கெட்ட பேர் துணிக்கு. பழசிலிருந்து புதுசு செய்தவனின் உழைப்பு இன்றைக்கும் அகராதியில் வசவாக உட்கார்ந்திருக்கிறது. நம் நாட்டில் ஹரியானாவின் பானிபட்டில் இதே தொழில் பல ஆண்டுகளாக நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஸ்வெட்டரை நிறம் வாரியாகப் பிரித்து, கிழித்து, நூற்று, போர்வை நெய்கிறார்கள். வெள்ள நிவாரண முகாமில் தூங்குகிறவன் மேல் கிடப்பது அந்த மாதிரிப் போர்வையாக இருக்கலாம். அதைப் போய் மட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் தமிழையும் கொஞ்சம் பாருங்கள். கயிறு இத்துப்போச்சு. துணி நைஞ்சுபோச்சு. மரம் உளுத்துப்போச்சு. வைக்கோல் மக்கிப்போச்சு. செம்பில் களிம்பு ஏறிடுச்சு, இரும்பு துருப்பிடிச்சிடுச்சு. எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் தாண்டியதில்லை. ஆனால் எங்க அம்மா வாயில் ஒருநாளும் 'கயிறு உளுத்துப்போச்சு' என்று வராது. எது எதனால் கெட்டது என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மெட்டலர்ஜி படிக்காமலே வகை பிரித்து வைத்திருக்கிறார்கள்!

நாம் என்ன செய்கிறோம்? இங்கிலீஷ் நோட்டில் ஷேபி, த்ரெட்பேர், டிலாபிடேட்டட் எல்லாவற்றுக்கும் நேராக 'பழைய' என்று ஒரே அர்த்தத்தை எழுதிக்கொள்கிறோம். டிலாபிடேட்டட் என்பதில் லத்தீனில் கல்லைக் குறிக்கும் சொல் ஒளிந்திருக்கிறது. அது இடிந்து சரியும் கட்டடத்துக்குப் பொருந்தும், சட்டைக்குப் போட்டால் சிரிப்பார்கள். (சிரிப்பு வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்!) மெஷினின் நிலைமையை ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னால் 'ஓல்டு அண்டு டேமேஜ்டு' என்று எழுதிவிட்டு வருகிறோம். அதைப் படிக்கிறவருக்கு என்ன புரியும்? பல்சக்கரத்தின் பல்லில் குழி விழுந்திருந்தால் 'பிட்டிங்'. லேத் பெட் தேய்ந்திருந்தால் 'வோர்ன்'. லீட் ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தால் 'பேக்லாஷ்'. இப்படி எழுதினால் எதை மாற்றலாம், எதைச் சரிக்கட்டலாம் என்று தெரியும். 'ஓல்டு' என்று எழுதினால் ஒரே முடிவுதான்: 'அன்சர்வீசபிள்' என்று முத்திரை குத்திக் காயலான் கடைக்கு!

"அப்போ ஷேபியைப் படிக்கவே வேண்டாமாடா?" என்று ரூம் நண்பன் கேட்டான். படிக்கணும். தெரியாமல் போனதால்தானே நான் தேங்க்யூ சொன்னேன்! ஆனால் அது பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லாத வார்த்தை என்று தெரிந்து படிக்கணும். எங்கே தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது, எதனால் தேய்ந்தது, எதுவும் அதில் கிடையாது. சொல்கிறவர் முகம் சுளித்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது. 0.01 மில்லிமீட்டரைக் கேட்டவர்கள், என் சட்டைக்கு வந்தபோது அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அது எங்க அப்பாவின் சட்டை. காலர் ஓரம் மட்டும்தான் பிரிந்திருந்தது, மற்றபடி துணி கெட்டி. அடுத்த வாரமே எங்கள் தெரு டெய்லர் காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுத்துவிட்டார். மூட்டை தூக்கி அப்பா தேய்த்த பக்கம் இப்போது உள்ளே இருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி வருகிறதாம். அதே சட்டைதான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். யாராவது ஏதாவது சொன்னால் பதில் தயார்: "காலர் ஃப்ரேய்டு சார். ரிவர்ஸ் பண்ணி ஸ்டிச் பண்ணியாச்சு. நவ் இன் சர்வீஸ்!"