கைதட்டுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்



"எஃகு ஆலைக் கழிவே கரியமில வாயுவை உறிஞ்சிவிடும், இனி புவி வெப்பத்தைப் பற்றிக் கவலை இல்லை" என்று ஒரு வீடியோ நம் குழுக்களில் சுற்றுகிறது. "சார், அருமை!" என்று எனக்கே மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம் வேதியியல் படித்தவர்கள் கணக்குப் போடாமல் கைதட்டலாமா?

அதில் சொல்லும் வேதியியல் பொய்யல்ல. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால் போல் மாறும், நினைவிருக்கிறதா? அதே வினைதான். எஃகு உலைக் கசட்டில் ஏறக்குறைய பாதி கால்சியம் ஆக்சைடு. அது கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக, மாறுகிறது. அதைச் செங்கல்லாக அச்சிடலாம், சாலைக்குப் போடலாம்.

இப்போது கணக்கு. நிலக்கரி போட்டு ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2,000 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எஃகு உலையில் மிஞ்சும் கசடு 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, 75 கிலோ கால்சியம் ஆக்சைடு. 56 கிராமுக்கு 44 கிராம் என்ற விகிதத்தில், ஒரு துளி வீணாகாமல் வினை நடந்தாலும் பிடிபடுவது 59 கிலோ. நூற்றுக்கு மூன்று! நடைமுறையில் அதுவும் கிடைக்காது. கசட்டை மாவாக அரைக்க மின்சாரம் வேறு வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுத்தான். 100 கிலோ கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு அப்போதே வானத்துக்குப் போய்விடுகிறது. விட்டதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துவிட்டு உலகத்தைக் காப்பாற்றினோம் என்பது, கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

கசட்டைக் குப்பையாகக் குவியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வினைபுரியாத சுண்ணாம்பு சாலைக்கடியில் ஈரம் பட்டால் உப்பி, சாலையைப் பிளக்கும். முன்கூட்டியே கார்பனேட்டாக்கினால் அந்தத் தொல்லை குறையும். ஊது உலைக் கசட்டையோ அரைத்துச் சிமெண்டில் சேர்க்கிறார்கள். அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு டன் கிளிங்கருக்கும் சுமார் 800 கிலோ கரியமில வாயு குறைகிறது. யாரும் கைதட்டாத இந்தப் பழைய வேலைதான் பெரிய வேலை.

என் கோபம் தொழில்நுட்பத்தின் மீதல்ல. அதைச் சாக்காக்குவதன் மீது. மூன்று பங்கைக் காட்டி, தொண்ணூற்றேழு பங்கைப் பேச விடாமல் செய்கிறார்கள். நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் பிரித்த இரும்பிலிருந்து ஸ்வீடனில் 2021-லேயே எஃகு செய்துவிட்டார்கள். பழைய இரும்பை மின் உலையில் உருக்குவதோ புதிதே அல்ல. செலவு கூடும், உண்மை. அந்தச் செலவைப் பற்றியல்லவா நாம் பேச வேண்டும்?

எஃகு, சிமெண்ட் ஆலைகளில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். "பசுமை எஃகு" என்று யாராவது மேடையில் முழங்கினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டன்னுக்கு எத்தனை கிலோ?"

பதில் வந்தபின் கைதட்டுங்கள்.