ஒலி ஒன்று, வேர் வேறு

நன்னூலார் எண்ணிக் காட்டிய ஓரெழுத்தொருமொழிகள் 42. அவற்றுள் ஒன்றாகிய 'மா' என்னும் சிறுசொல் பொருள்வளத்தால் பெருஞ்சொல்லாகும். மாமரம் மா, விலங்கு மா, அவற்றுள் குதிரையும் மா, அரிசியை இடித்தால் மா, 20இல் ஒரு பங்கு மா, பெருமையும் மா.

இவ்வொலி பிற மொழிகளிலும் உண்டு. அரபியில் 'மாஉ' தண்ணீர். அதன் பன்மை 'மியாஹ்'. எபிரேயத்தின் 'மயிம்' அதற்கு உடன்பிறப்பு. நம் இல்லங்களில் வழங்கும் 'மாஷா அல்லாஹ்' என்னும் தொடரின் 'மா' வேறொரு சொல். 'யாதோ அது' என்னும் பொருளது. சீனத்தில் ஒலிப்பின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப, 'மா' என்பது தாய், நார்ச்செடி, குதிரை, வசை எனப் பொருள் மாறும்.

தமிழிலும் குதிரை மா. சீனத்திலும் குதிரை மா! இரண்டும் ஒரு வேரின என்று முடிவுகட்ட ஆய்வு மாணாக்கரின் உள்ளம் விரையும். ஆயின், சீனச் சொல்லின் பழைய வடிவில் மகரத்தை அடுத்து ரகரம் இருந்ததென மொழிநூலார் மீட்டுருவாக்கியுள்ளனர். அதன் இனமாகக் கருதப்படும் பர்மியச் சொல்லின் எழுத்து வடிவில் அந்த ரகரம் இன்றும் நிற்கிறது. தமிழ் 'மா'வோ விலங்குகளுக்குப் பொதுப்பெயர். எனவே, ஒத்திருப்பது இன்றைய ஒலி மட்டுமே.

அதற்காக ஒப்புமை அனைத்தையும் தற்செயல் எனத் தள்ளுவதும் முறையன்று. தமிழ் மாங்காயும் மலையாள மாங்ஙாவும் மலாயிலும் போர்த்துகீசியத்திலும் 'மங்கா' ஆயின. ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. இங்கே கனி சென்றது, கனியோடு பெயரும் சென்றது. 1498இல் போர்த்துகீசியர் மலபார்க் கரையில் இறங்கியமை வரலாறு. சொல் பயணம் செய்த வழி நமக்குத் தெரிகிறது.

1816இல் எல்லிஸ் தென்மொழிகளின் உறவை எடுத்துரைத்தபோது, ஓரிரு சொற்களின் சாயலை நம்பினாரல்லர். வேர்ச்சொற்களை வரிசையாக ஒப்பிட்டார். 1856இல் கால்டுவெல் இலக்கண அமைப்பையே சான்றாக்கினார். அதனாலன்றோ அவர்தம் முடிவு இன்றளவும் நிலைத்திருக்கிறது!

உலகச் சொற்களுக்கெல்லாம் தமிழையோ அரபியையோ தாயாக்க முனைவோர் மொழிப்பற்றால் அவ்வாறு செய்கின்றனர். எனினும், சான்றற்ற ஓர் உரிமை மறுக்கப்படும்போது, சான்றுள்ள உரிமைகளும் ஐயத்திற்கு உள்ளாகின்றன. மாங்காயின் மெய்யான பெருமை குதிரையின் பொய்யுறவால் குன்றலாமா?

ஆகவே, சொல்லாய்வில் புகும் மாணாக்கர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அச்சொல்லின் பழைய வடிவம் யாது? அவ்வொலி மாற்றம் பிற சொற்களிலும் முறையாக நிகழ்ந்துளதா? அம்மொழியினர் எங்கே, எப்போது சந்தித்தனர்? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை காத்திருத்தலும் தமிழ்த்தொண்டே.