நுவரெலியா ட்ரிப்: லீவு யாருக்கு?



பாடசாலை லீவு விட்ட அடுத்த நாளே எங்கட ஊர்ல ரெண்டு விஷயம் நடக்கும். ஒன்று, வட்ஸ்அப்பில் "ஃபெமிலி ட்ரிப்" என்று ஒரு குரூப் முளைக்கும். மற்றது, அந்தக் குரூப்பில் "எங்கே போவோம்?" என்று ஒருவர் கேட்க, நாற்பது மெசேஜ் சண்டைக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து நுவரெலியா என்று முடிவெடுப்பார்கள். போன வருஷமும் அதுதான், அதற்கு முதல் வருஷமும் அதுதான். கடற்கரையில் வெந்துபோய் இருக்கிற நமக்குக் குளிர் என்றால் ஒரு பைத்தியம். வீட்டில் ஃபேனை 5ல் போட்டுப் படுக்கிற மனுஷன், நுவரெலியா என்றதும் கம்பளித் தொப்பி தேடுகிறார்.

இந்த லீவுக்கு நாங்களும் போய் வந்தோம். 14 பேர் இருக்கிற கேடிஎச் வேனில் 17 பேர். "சின்னப் புள்ளைகள கணக்குல எடுக்கத் தேவல்ல" என்பது மாமாவின் கணிதம். அந்தச் சின்னப் பிள்ளைகளில் ஒருவன் ஓ.எல். எழுதப் போகிறான், அவனுடைய முழங்கால் என் முதுகில் கல்முனையிலிருந்து கண்டி வரைக்கும் இருந்தது.

பாதை எதுவென்று தீர்மானிக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். பதுளைப் பக்கத்தால் போனால் கிட்ட. ஆனால் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வளைவு பார்க்கவேண்டுமாம். ஆகவே அம்பாறை, மஹியங்கனை, கண்டி, கம்பளை, றம்பொடை என்று கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர் சுற்றிப் போவதாக ஏகமனதாகத் தீர்மானம். புறப்படும் நேரம் இரவு 10 மணி. அப்போதுதானே பதினெட்டு வளைவை நடு இரவில், ஒன்றுமே தெரியாத இருட்டில் பார்க்கலாம்!

இப்படியே சிரிக்க வைத்துக்கொண்டு போகலாம், கதை நிறைய இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது வேறு ஒரு கேள்வியைப் பற்றி. ட்ரிப் என்று நாம் போகிறோமே, இதில் உண்மையாக லீவு கிடைப்பது யாருக்கு?

முதலில் டிரைவர்.

எங்களுக்கு வந்த டிரைவர் காக்கா நல்ல மனுஷன். நோன்பு காலத்தில் பள்ளிக்கு இலவசமாக ஹயர் ஓடுகிறவர். ஏறும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன், "காக்கா, இன்டைக்கு காலைல எத்தின மணிக்கு எழும்பின?" சிரித்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சு மணிக்கு டீச்சர். சுபஹ் தொழுதுட்டு ஒரு ஆஸ்பத்திரி ஹயர். பகல் ஒரு கலியாண ஹயர். இப்ப உங்கட ஹயர்."

நான் கணக்கு டீச்சர். காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை 17 மணித்தியாலம். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல ஆகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யோசித்துப் பாருங்கள். குடித்துவிட்டு வந்த டிரைவரின் வேனில் நம் ஊரில் ஒருவரும் ஏறமாட்டோம். ஊரைக் கூட்டி விடுவோம். ஆனால் அதே நிலையில் இருக்கிற, தூங்காத டிரைவரின் வேனில் ஏறி, "காக்கா ஒரு பைலா போடுங்க" என்கிறோம். வாகனத்தில் ஏறும்போது ஓதுகிற துஆவை வேனே அதிர ஓதினோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தூங்காத டிரைவர் கட்டாத ஒட்டகம்.

மனிதனுக்குத் தூக்கம் அதிகம் அமுக்குகிற நேரம் அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை. நமது ட்ரிப் எல்லாம் அந்த நேரத்தில்தான் மலை ஏறும். ஏனென்றால் விடியும்போது நுவரெலியாவில் நிற்கவேண்டும். அறைக்குக் காசு கொடுக்கக் கூடாது. அதுதான் திட்டம்.

மஹியங்கனையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது நான் சொன்னேன், கண்டிக்குப் போனதும் ரெண்டு மணித்தியாலம் டிரைவர் தூங்கட்டும் என்று. வேனில் ஒரு பாராளுமன்றமே கூடியது. "சன்ரைஸ் போயிடும்" என்றான் மச்சான். பன்னிரண்டு மாதமும் ஊரில் சூரியன் கடலிலிருந்து உதிக்கிறது, ஒருநாளும் எழும்பிப் பார்க்காதவன் அவன். "எனக்கு நித்திரை வராது டீச்சர்" என்றார் டிரைவர் காக்கா. கண்டியில் ஒரு பள்ளிவாசல் பக்கத்தில் வேனை நிறுத்திய மூன்றாவது நிமிடம் அவர் விட்ட குறட்டைக்கு, பின் சீட்டில் படுத்திருந்த மூத்தாப்பா எழும்பி "வேன் ஸ்டார்ட் ஆயிட்டா?" என்று கேட்டார். ரெண்டு மணித்தியாலம் மூன்றாகியது. சுபஹ் தொழுதுவிட்டு வெளிச்சத்தில் மலை ஏறினோம்.

அப்படி வெளிச்சத்தில் போனதால்தான் கெரண்டி எல்ல வந்தபோது எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்தது. 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் அங்கேதான் பள்ளத்தில் விழுந்தது. 20க்கும் அதிகமானவர்கள் மௌத்தானார்கள். அதற்கு முன் 2023 ஜனவரியில் நானுஓயா பக்கம் ரதெல்ல குறுக்குப் பாதையில், கொழும்புப் பாடசாலையொன்றின் சுற்றுலா பஸ் ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 உயிர்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்பதை விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த மலைப் பாதை தூங்காத கண்ணுக்கும், 17 பேர் பாரத்துக்கும், சூடேறின பிரேக்குக்கும் இரக்கம் காட்டாது. இறக்கத்தில் சின்ன கியரில் போகாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். டிரைவர்மாருக்கு இது தெரியும். நித்திரைக் கண்ணுக்குத்தான் மறந்துபோகும்.

இது புதுக் கதையும் இல்லை. 1848ல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமம் அமைக்க, இங்கிலாந்திலிருந்து மாடு, விதை, கொல்லன், குதிரைக்காரன் எல்லாம் கப்பலில் கொண்டு வந்தார். அவருடைய குதிரை வண்டியை அந்தக் குதிரைக்காரன் மலைப் பாதையில் பள்ளத்தில் விட்டான். பிறகு அவன் கையில் கொடுத்த யானையும், மலையில் ஏற்றி ஓட்டின ஓட்டத்தில் செத்துப்போனது. பேக்கரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆக, நுவரெலியா ட்ரிப்பில் இழுக்கிறவனை ஓய்வில்லாமல் விரட்டும் பழக்கத்துக்கு 175 வருஷத்துக்கு மேல் வயது.

ரெண்டாவது, நம்முடைய பொம்பளைகள்.

இரவு 10 மணிக்குப் புறப்படும் ட்ரிப்புக்கு எங்கட வீட்டில் மாமி பகல் 2 மணிக்கே அடுப்புப் பற்றவைத்துவிட்டார். கோழி பொரிக்க, சம்பல் அரைக்க, முட்டை அவிக்க, 17 பேருக்குச் சோறு கட்ட. வேனில் சாமான் ஏற்றும்போது பார்த்தேன், காஸ் சிலிண்டர் ஒன்று, அடுப்பு ஒன்று, அம்மியை மட்டும்தான் வைத்துவிட்டு வந்தோம். றம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர் உயரத்திலிருந்து கொட்டுகிறது, ஆம்பிளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள், மாமி அதற்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து பருப்புக் கறிக்கு வெங்காயம் வெட்டுகிறார். "மாமி, திரும்பிப் பாருங்களன்" என்றேன். "வெங்காயம் முடியட்டும் மகள்" என்றார். வெங்காயம் முடிந்தபோது மூடுபனி வந்து நீர்வீழ்ச்சியை மூடிவிட்டது.

வீட்டில் சமைத்த பொம்பளை 300 கிலோமீற்றர் போய்க் குளிரில் சமைத்தால் அதற்குப் பெயர் ட்ரிப் இல்லை, இடமாற்றம். ஆசிரியர்களுக்கு இது நன்றாக விளங்கும். கடைச் சாப்பாடு விலை என்பார்கள், உண்மைதான். ஹலால் பிரச்சினை என்பார்கள். கண்டி, கம்பளை, வெலிமடை எல்லாம் நம்மவர்களின் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. மூன்று வேளையில் ஒரு வேளை கடையில் சாப்பிடலாம். ஒரு வேளை ஆம்பிளைகள் சமைக்கலாம். கலியாண வீட்டில் ஐந்நூறு பேருக்குச் சஹன் வைக்கிற ஆம்பிளைகளுக்கு 17 பேருக்குப் பருப்பு வைக்கத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

மூன்றாவது ஆள் நம் வேனில் ஏறாதவர். ஆனால் நம் எல்லோருடைய ஃபோனிலும் இருக்கிறார்.

நுவரெலியாவை "குட்டி இங்கிலாந்து" என்கிறோம். 1894ல் கட்டிய செங்கல் தபால் நிலையத்துக்கு முன் வரிசையில் நின்று படம் எடுக்கிறோம். 1873ல் ஆளுநர் கிரெகரி வெட்டுவித்த வாவியில் அன்னப் படகு மிதிக்கிறோம். 1897ல் ராணியின் பெயரில் திறந்த விக்டோரியா பூங்காவில் புல்லில் உருளுகிறோம். பேல் பஜாரில் வாங்கிய, யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்டுக் கழித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நம் மாமாவும் அரை நாளைக்கு ஆங்கிலேயர் ஆகிறார். எனக்கும் இதெல்லாம் பிடிக்கும். பொய் சொல்லக் கூடாது.

ஆனால் இந்த அலங்காரத்துக்கெல்லாம் காசு கொடுத்தது கோப்பியும் பிறகு தேயிலையும். அதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கும் அந்தச் சரிவில் கொழுந்து பறிக்கிறார்கள். 1948ல் அவர்களுடைய பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 2023ல் "மலையகம் 200" என்று இருநூறு வருஷத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயன் அறையில்தான். நாம் வேனை நிறுத்தி, "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று படம் எடுத்துவிட்டு, ஜன்னலால் லஞ்ச் ஷீற்றை எறிந்துவிட்டுப் போகிறோம்.

கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த தோட்டத்துத் தோழி ஒருத்தி ஒருதரம் சொன்னாள்: "நீங்க ட்ரிப் போய் எடுக்கிற படத்துல எங்கம்மாவும் இருப்பாங்க. பேர் மட்டும் கேட்டிருக்க மாட்டீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால்தான் இத்தனை வருஷமாக மறக்கவில்லை.

எங்கட பிள்ளைகளை இந்த முறை இறக்கிக் கதைக்க வைத்தேன். லபுகலைக்குக் கிட்ட, பாதையோரம் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேர் கேட்டார்கள். எத்தனை கிலோ பறிக்கவேண்டும் என்று கேட்டார்கள். அட்டை கடிக்குமா என்று கேட்டார்கள். அவர் எங்கட ஊர்க் கடலைப் பற்றிக் கேட்டார். இதுவரைக்கும் கடல் பார்த்ததில்லையாம். நாம் வருஷா வருஷம் அவருடைய மலையைப் பார்க்கப் போகிறோம். வேனில் கொஞ்ச நேரம் யாரும் பைலா கேட்கவில்லை.

திரும்பும்போது இரவோடிரவாக ஊர் போகவேண்டும் என்ற பழைய திட்டத்தை நிறுத்தி, வெலிமடையில் மூன்று அறை எடுத்துத் தங்கினோம். ஆளுக்குப் பிரித்துப் பார்த்தால் பேல் பஜாரில் வாங்கிய ஜாக்கெட்டை விடக் குறைவு. டிரைவர் காக்காவுக்கும் ஒரு கட்டில். காலையில் பதுளை, பிபிலை வழியாக ஒரு கொட்டாவியும் இல்லாமல் வந்து சேர்ந்தோம்.

ட்ரிப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். பிள்ளைகள் நாடு பார்க்கவேண்டும். ஆனால் குரூப்பில் "எவ்வளவு காசு?" என்று கேட்பதற்கு முன் நாலு விஷயத்தைக் கேளுங்கள்: டிரைவர் நேற்று எத்தனை மணித்தியாலம் தூங்கினார்? வேனில் எத்தனை சீட், எத்தனை பேர்? எந்த வேளை யார் சமைப்பது? இரவு எங்கே தங்குவது? பாடசாலை, மத்ரஸா ட்ரிப்புக்குக் கையெழுத்து வைக்கிற பெற்றோரும் இதைக் கேட்கலாம். கேட்டால் ஒரு டீச்சரும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் என்னிடம் அனுப்புங்கள்.

ஊர்ல ஹயர் ஓடுகிற காக்காமார் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். "எனக்கு நித்திரை வராது" என்று சொல்லாதீர்கள். "நித்திரை வருது, கொஞ்சம் நிறுத்துவோம்" என்று சொல்லுங்கள். உங்களையும் வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் புறப்படாத வேன்கள் நிறைய இருக்கின்றன. சேர் பண்ணுங்கள். அல்லாஹ் எல்லோருடைய பயணத்தையும் சலாமத்தாக்கி வைப்பானாக.

வஸ்ஸலாம்.